அறுவடை செய்வது எப்படி: நாள் பார்ப்பதிலிருந்து மூட்டை கட்டும் வரை

அறுவடை என்பது பொதுச்சொல். வயலிலும் தோட்டத்திலும் இறங்கி வேலை செய்பவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவாகப் புழங்குவதில்லை. நெல்லை அறுக்கிறார்கள், கரும்பை வெட்டுகிறார்கள், நிலக்கடலையைப் பிடுங்குகிறார்கள், கிழங்கைத் தோண்டுகிறார்கள், காயைப் பறிக்கிறார்கள், கீரையைக் கிள்ளுகிறார்கள், பூவைக் கொய்கிறார்கள். இவற்றுள் ஒன்றை இடம் மாற்றிச் சொன்னால் காதுக்கே உறுத்தும். செடியின் எந்தப் பகுதி நமக்கு வேண்டும், அதற்குக் கை போதுமா கருவி வேண்டுமா, எடுத்த பிறகு செடி பிழைத்திருக்குமா என்ற விவரங்களை எல்லாம் அந்தந்த வினையே சொல்லிவிடுகிறது. முதன்முறையாகப் பயிர் வைத்து, அது விளைந்து நிற்கும்போது எப்போது கைவைப்பது என்று தெரியாமல் தயங்குபவர்களுக்காக இந்த விளக்கத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

செய்முறைக்குள் போகும் முன் அறுவடை என்பதன் பொருளைப் பற்றிச் சிறிது பார்த்துவிடலாம், ஏனெனில் பின்னால் வரும் பல விதிகளுக்கு அதுவே காரணமாக இருக்கிறது. செடியைப் பொறுத்தவரை தானியம் என்பது அதன் பிள்ளை. முற்றியதும் அதை உதிர்த்து மண்ணில் சேர்ப்பதுதான் செடியின் வேலை. காட்டில் தானாக வளரும் கோதுமையின் கதிர், முற்றிய சில நாட்களிலேயே கணுக்கணுவாக உடைந்து உதிர்ந்துவிடும். மனிதர்கள் கதிரை அறுத்து எடுத்துச் சென்று, அதில் ஒரு பகுதியை மறுபடி விதைக்கத் தொடங்கியபோது, உதிராமல் நின்ற கதிர்களின் மணிகளே அதிகமாகக் கைக்குக் கிடைத்தன. அவையே அதிகமாக விதைக்கவும் பட்டன. தலைமுறை தலைமுறையாக இது நடந்து, உதிராத கதிர் கொண்ட பயிர் உருவாயிற்று. அகழாய்வில் கிடைக்கும் கருகிய கோதுமைக் கதிரின் கணுவில் வழுவழுப்பான தழும்பு இருந்தால் அது தானாக உதிர்ந்த காட்டுப்பயிர் என்றும், முறிக்கப்பட்டதுபோல் கரடுமுரடாக இருந்தால் வளர்ப்புப்பயிர் என்றும் ஆய்வாளர்கள் இனம் காண்கிறார்கள். தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் 1960களில் துருக்கியின் தென்கிழக்குப் பகுதியில், காட்டுக் கோதுமையை வெறுங்கையாலும் கல் அலகு பதித்த அரிவாளாலும் அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்பில் ஏறக்குறைய 1 கிலோ சுத்தமான தானியம் அவருக்குக் கிடைத்தது. விளைச்சல் போதுமானதாகவே இருந்திருக்கிறது. ஆனால் கதிர் உதிர்வதற்குள் அறுத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் அதை அறுத்த ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும். இன்றைய பயிர்களில் அந்த அவசரம் குறைந்திருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை.

முதற்படி: உங்கள் பயிர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பயிரையும் முற்றவிட்டு எடுக்கக்கூடாது. கீரை, வெண்டை, வெள்ளரி, கத்தரி, பீன்ஸ் போன்றவற்றை இளசாக இருக்கும்போதே எடுக்கிறோம். தானியம், பயறு, எண்ணெய் வித்துகள், வெங்காயம், கிழங்கு, பரங்கி ஆகியவற்றை நன்றாக முற்றவிட்டு எடுக்கிறோம். பழங்கள் மூன்றாவது வகை. அவற்றுக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. வாழை, மா, பப்பாளி, தக்காளி, ஆப்பிள் ஆகியவை முதிர்ந்த பின் பறித்தால், தாமே வெளியிடும் எத்திலீன் வாயுவால் பிறகும் பழுக்கும். திராட்சை, எலுமிச்சை வகைகள், அன்னாசி, தர்பூசணி, மாதுளை ஆகியவை பறித்த பிறகு இனிப்பு ஏறுவதில்லை. புளிப்பாகப் பறித்த திராட்சையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது புளிப்பாகவே வாடும். ஆகவே முதல் பிரிவில் ஓரிரு நாள் முந்திப் பறித்தால் பாதகமில்லை, இரண்டாம் பிரிவில் பொறுமைதான் வேண்டும்.

இரண்டாம் படி: முற்றியதா என்று கண்ணாலும் கையாலும் பாருங்கள்

விதைப் பொட்டலத்தின் மீது அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு ஒரு தோராயம் மட்டுமே. வெயில், மழை, உரம், விதைத்த ஆழம் எல்லாம் சேர்ந்து அதை முன்னும் பின்னும் தள்ளிவிடும். அந்தக் கணக்கை, இனிமேல் தினமும் பயிரைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்வது நல்லது.

நெல்லைப் பொறுத்தவரை, பூத்து ஏறக்குறைய 30 நாட்களில் கதிர் அறுவடைக்கு வரும். கதிரில் 80 முதல் 85 விழுக்காடு மணிகள் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். கதிரின் நுனியில் இருக்கும் மணிகள் முதலிலும் அடியில் இருப்பவை கடைசியிலும் முற்றுவதால், நுனியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்; அடிப்பகுதி மணி ஒன்றை உரித்து நகத்தால் அழுத்துங்கள். பால் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மாவாக நசுங்கினால் நெருங்கிவிட்டது, நகம் பதியாமல் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். எல்லா மணியும் பொன்னிறமாகட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் இழக்கிறார்கள். அளவுக்கு மீறி முற்றிய மணி, பகலில் காய்ந்து இரவுப் பனியில் மீண்டும் ஈரம் இழுக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விடுகிறது. அது அரவையின்போதுதான் குருணையாக வெளிப்படும்.

மக்காச்சோளத்தில் இரண்டு அறுவடைகள் உண்டு. பச்சையாக உண்பதற்கென்றால், கதிரின் நுனியிலுள்ள பட்டு இழைகள் பழுப்பாகிக் காய்ந்ததும் மடலை சற்று விலக்கி ஒரு மணியில் நகத்தை இறக்குங்கள். தண்ணீராக வந்தால் பிஞ்சு, பால்போல் தெறித்தால் சரியான பதம், பசைபோல் இருந்தால் பிந்திவிட்டீர்கள். தானியத்துக்கென்றால் மடல் முழுவதும் காய்ந்த பிறகு ஒரு மணியைக் கழற்றி, அது கட்டையோடு ஒட்டியிருந்த நுனியைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே மெல்லிய கரும்படலம் தெரிந்தால், செடியிலிருந்து மணிக்குச் சத்துப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். இனி அந்த மணிக்குச் செடியால் எந்தப் பயனும் இல்லை. ஆயினும் அப்போது மணியில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக்கூடும் என்பதால், மழைக்கான அறிகுறி இல்லாவிட்டால் செடியிலேயே சில நாட்கள் காயவிடலாம்.

மண்ணுக்குள் விளைபவை சற்றுச் சிரமமானவை, ஏனெனில் அவற்றைப் பார்க்க முடியாது. நிலக்கடலைக்கு, வயலின் வெவ்வேறு இடங்களில் நான்கைந்து செடிகளைப் பிடுங்கி, காய்களை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பிஞ்சின் உட்புறம் வெள்ளையாக இருக்கும், முற்றிய காயினுடையது பழுப்போ கருமையோ படிந்திருக்கும். நான்கில் மூன்று காய்கள் அப்படி இருந்தால் பிடுங்கலாம். உருளைக்கிழங்கில் செடி மஞ்சளாகிப் படுத்து, தண்டு காய்ந்து, அதன் பிறகும் ஏறக்குறைய 2 வாரங்கள் மண்ணிலேயே விட்டுவைத்தால் தோல் கெட்டியாகும். கட்டைவிரலால் தேய்க்கும்போது தோல் உரிந்து வந்தால் இன்னும் பொறுங்கள். வெங்காயம் தானே சொல்லிவிடும்: பாதிக்கு மேற்பட்ட தாள்கள் கழுத்தில் மடிந்து சாய்ந்ததும் எடுக்கலாம்.

காய்களில் அடிக்கடி நடக்கும் தவறு பெரிதாகட்டும் என்று விட்டுவைப்பது. வெண்டை, பூத்த நான்கிலிருந்து ஆறு நாட்களில் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்தால் சட்டென ஒடிய வேண்டும். கத்தரியின் தோல் பளபளப்பு மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது. வெள்ளரிக் கொடியில் ஒரேயொரு காயை முற்றவிட்டால்கூட, விதை உருவாகிவிட்டதால் தன் வேலை முடிந்தது என்பதுபோல் கொடி காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதுதான் இவற்றில் விளைச்சலைக் கூட்டும் வழி. பரங்கிக்கு நேரெதிர்: நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக்கூடாது, காம்பு பச்சை மாறித் தக்கைபோல் காய்ந்திருக்க வேண்டும். தர்பூசணிக்குத் தட்டிப் பார்க்கும் கலை எனக்கு இன்றுவரை கைவரவில்லை. தரையில் பட்ட பகுதி வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறியிருக்கிறதா, காய்க்கு அருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தே பறிக்கிறேன்.

மூன்றாம் படி: அறுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

பூச்சிமருந்து தெளித்திருந்தால், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று அதன் உறையில் போட்டிருக்கும்; அந்த நாள் கழியாமல் பறிக்காதீர்கள். நெல் வயலில் அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டால் மணிகள் சீராக முற்றும், காலும் புதையாது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கடைசி நாட்களில் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். நிலக்கடலைக்கு மட்டும், மண் இறுகிக் கிடந்தால் பிடுங்குவதற்குச் சற்று முன் ஒரு தண்ணீர் விடலாம். இல்லாவிட்டால் காய்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

காயவைக்கும் இடத்தையும் நிழலையும் சாக்கையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் அரிவாளைத் தொட வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நான்காம் படி: நேரம்

கீரையையும் காய்களையும் அதிகாலையில் எடுங்கள். இரவின் குளிர்ச்சி அவற்றுள் இருக்கும்போதே எடுத்தால் வாடாமல் நிற்கும். தானியத்தைப் பனி காய்ந்த பிறகு அறுங்கள். இதற்கு விதிவிலக்கு, பாசிப்பயறு போல நெற்று வெடிக்கும் பயிர்கள்: உச்சி வெயிலில் தொட்டாலே நெற்று வெடித்துப் பயறு சிதறும் என்பதால், சற்று ஈரம் இருக்கும் காலைப் பொழுதே அவற்றுக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: அறுத்தல், பறித்தல், தோண்டுதல்

தானியத்துக்குப் பல்வைத்த கருக்கரிவாள் தொடக்கநிலையினருக்கு எளிது. ஒரு கைக்கு அடங்கும் அளவு தாளைச் சேர்த்துப் பிடித்து, பிடித்த கைக்கு நன்றாகக் கீழே அரிவாளை வளைத்துக் கொடுத்து, பல் தாளில் பதிந்ததும் உங்கள் பக்கமாக ஒரே சீராக இழுங்கள். ஓங்கி வெட்டக்கூடாது; அரிவாள் வழுக்கினால் அது நேராகக் காலுக்கு வரும். அதிகமாக அள்ளிப் பிடிப்பதுதான் விரல் அறுபடுவதற்கு முதற்காரணம். அறுத்த தாளைக் கதிர்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி வையுங்கள். அடிக்கும்போது அந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரத்தை வரவழைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தானியம் ஈரத்தோடு சில நிமிடங்களில் மொத்தமாக வந்து குவிந்துவிடும். ஆகவே காயவைக்கும் ஏற்பாடு அன்றைக்கே வேண்டும்.

காய்களை இழுத்துப் பறிக்காமல் காம்போடு கத்தரியுங்கள். இழுத்தால் கொடியின் கணு கிழியும், அங்கேதான் அடுத்த பூ வர வேண்டும். பரங்கியில் குறைந்தது 5 சென்டிமீட்டர் காம்பு விடுவது கட்டாயம். நான் முதன்முதலாக விளைவித்த பரங்கிகளைக் கைப்பிடிபோல் காம்பைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு காய்களில் காம்பு அடியோடு கழன்று வந்தது. மூன்றாம் வாரம் எடுத்துப் பார்த்தபோது, சுண்டுவிரல் அளவே இருந்த அந்தக் குழியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சதை கொழகொழத்துக் கிடந்தது. காம்போடு இருந்த மற்றவை அதே அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தன.

கிழங்கைத் தோண்டும்போது செடியை ஒட்டிக் குத்தாமல், ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி அடியிலிருந்து நெம்புங்கள். காயம்பட்ட கிழங்கைத் தனியே எடுத்து வைத்து முதலில் பயன்படுத்திவிடுங்கள். கீரை மீண்டும் துளிர்க்க வேண்டுமானால் அடிக்கணுக்களை விட்டு மேலே கிள்ள வேண்டும்.

ஆறாம் படி: அடித்தல், தூற்றுதல்

அறுத்த நெல்லை 24 மணி நேரத்துக்குள் அடித்துப் பிரிப்பது நல்லது. கட்டாகக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி மணி மஞ்சளாகிவிடும். சிறிய அளவென்றால் விரிப்பின் மீது சாய்வான பலகை வைத்து, அரியை, அதாவது அறுத்த கைப்பிடித் தாளை, பிடித்து அடித்தாலே போதும். பின்னர் காற்று வீசும் பக்கத்துக்குக் குறுக்காக நின்று, முறத்தை உயர்த்திச் சிறிது சிறிதாகச் சரித்துவிட்டால் பதரும் தூசியும் விலகிப் போகும், கனமான மணி காலடியில் விழும். மிச்சமிருக்கும் கல்லையும் குச்சியையும் புடைத்து எடுங்கள்.

ஏழாம் படி: காயவைத்தல்

எனக்குத் தெரிந்தவரை, புதியவர்களின் அறுவடை பெரும்பாலும் வயலில் கெடுவதில்லை. இந்தப் படியில்தான் கெடுகிறது. அறுக்கும்போது நெல்லில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். சில மாதங்கள் வைக்க அது 14 விழுக்காட்டுக்கும், ஓராண்டுக்கு நெருக்கமாக வைக்க 13 விழுக்காட்டுக்கும் இறங்க வேண்டும். 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதே 78 கிலோ, 14 விழுக்காடு ஈரத்தோடு சேர்ந்து ஏறக்குறைய 90.7 கிலோ எடை காட்டும். அதாவது 9 கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். எடை குறைந்துவிட்டதே என்று பதறுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சுத்தமான விரிப்பில் 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலாலோ பலகையாலோ கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் மணி தொட முடியாத அளவுக்குச் சுட்டால் மூடி வையுங்கள், குறிப்பாக விதைக்கென்று வைப்பதை. காய்ந்ததையும் காயாததையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். காய்ந்த மணி மீண்டும் ஈரம் இழுத்துக் கீறல் விடும்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு தானியமும், அடுப்பில் வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டியும் போட்டு, மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பதினைந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, அடியில் உதிர்ந்து கிடந்தால் அதற்குக் கீழே வந்துவிட்டது. புட்டியில் ஈரம் இருந்தாலோ உப்பு ஈரத்தோடு இருந்தாலோ விடை பொய்யாகிவிடும் என்பதால் வறுப்பதைத் தவிர்க்க வேண்டாம். 14-ஐயும் 15-ஐயும் இது பிரித்துக் காட்டாது; ஆகவே உப்பு ஒட்டாத நிலை வந்த பிறகும் இன்னொரு நாள் வெயில் காட்டுவது என் வழக்கம்.

நிலக்கடலையைக் காய் மேலே இருக்கும்படி செடியைத் தலைகீழாக வைத்து உலர்த்துங்கள். ஆட்டினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென ஒலிக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. ஈரமான கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைப் பாதிக்கும், சாதாரணச் சமையல் சூட்டில் முழுமையாக அழியாது. பூசணம் பட்ட பருப்பைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் எறிந்துவிடுங்கள்.

வெங்காயத்துக்கு வெயிலைவிடக் காற்றோட்டமான நிழலே தேவை. கழுத்து முழுவதும் காய்ந்து, மேல்தோல் சருகாகும் வரை பரப்பி வைத்து, பிறகே தாளை நறுக்க வேண்டும்.

எட்டாம் படி: சேமித்து வைத்தல்

எடுத்த பிறகும் விளைபொருள் உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது, சுவாசிக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகிறது. உலர்ந்த தானியம் மிக மெதுவாகச் சுவாசிப்பதால்தான் கெடாமல் இருக்கிறது. தானியத்தை வெயிலிலிருந்து எடுத்தவுடன் சூட்டோடு மூட்டை கட்டாமல் ஆறவிட்டுக் கட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மீது, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். சிறிய அளவுக்குக் காற்றுப் புகாத மூடியுள்ள கொள்கலனே சிறந்தது, உள்ளே தப்பிய வண்டுகள் இருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். ஆனால் சரியாகக் காயாத தானியத்தை அதில் அடைத்தால் வண்டுக்குப் பதிலாகப் பூசணம் வரும்.

உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான பகுதியில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் சேர்கிறது. பழுக்கும் பழங்களைக் கீரையோடும் வெள்ளரியோடும் சேர்த்து வைத்தால் எத்திலீன் வாயு அவற்றை மஞ்சளாக்கிவிடும். பழுக்காத தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது சரியாகப் பழுக்காது.

விதைக்கென்று வைப்பதை, பறித்து மிஞ்சியதிலிருந்து எடுக்காமல், செடியில் நிற்கும்போதே நல்லதாகப் பார்த்து அடையாளம் கட்டி முற்றவிட்டு எடுங்கள். பெயரையும் தேதியையும் அன்றைக்கே எழுதி உள்ளே போட்டுவிடுங்கள், அடுத்த விதைப்பின்போது நினைவுக்கு வரும் என்று நம்ப வேண்டாம்.

மூட்டை கட்டிய பத்துப் பதினைந்து நாட்களில் ஒருமுறை வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தாலும், முகர்ந்தால் புழுங்கிய வாடை வந்தாலும், அன்றைக்கே முழுவதையும் கொட்டி மீண்டும் வெயிலில் பரப்புங்கள். மணிகள் விரலிடுக்கில் சலசலவென வழுக்கி ஓடி, கை குளிர்ச்சியாக வெளியே வந்தால் மூட்டையைத் தைத்துவிடலாம்.